புறகால வாறவர்

அத்தியாயம் பதினொன்று

சல்மா உம்மா வாயால் சம்மதம் சொல்லவில்லை. பஸாலின் அறைத் திறப்பை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். பஸாலின் தம்பி ஜுனைட் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, உள்ளே பூட்டிக் கிடந்த சைக்கிளை வெளியே கொண்டுவந்து தூசு தட்டினான்.

பஸால் மவுத்தாகி, அடக்கம் செய்து இது மூன்றாவது மாதம். கலியாணம் முடித்த நாளிலிருந்து, எல்லா மாப்பிள்ளைமாரையும் போல, அவனும் நிந்தவூரில் பெண் வீட்டிலேதான் இருந்தான். உடுப்பு, செருப்பு, தொழுகைத் தொப்பி, மூக்குக்கண்ணாடி எல்லாம் அங்கேதான். மருதமுனையில் பெற்றவளுக்கு மிஞ்சியது ஒரு சைக்கிள். ஒலுவில் றோட்டோரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவன் சரிந்த அன்று, என்ன செய்வதென்று தெரியாமல் கூட்டாளிமார் தாய் வீட்டில் கொண்டுவந்து விட்டுப்போன சைக்கிள்.

பஸாலின் மனைவி ஸம்றா ஒருதரம் ஆள் விட்டு அதைக் கேட்டாள். "அவன்ட எல்லாம் அவக்கிட்டத்தானே இரிக்கி. எனக்கு இதாவது கிடக்கட்டும்" என்று சல்மா உம்மா திருப்பிச் சொல்லியனுப்பினாள். அதோடு மாமிக்கும் மருமகளுக்கும் பேச்சு நின்றது.

இன்று பொத்துவிலுக்குச் சைக்கிள் பயணம். வருஷா வருஷம் பஸால்தான் ஆள் சேர்த்து, முன்னுக்கு நின்று கொண்டுபோவான். இந்த வருஷம் அவன் பெயரில் போகிறார்கள். இன்று போய், இரவு அங்கே தங்கி, நாளைக்குத் திரும்புவது.

விடிய சுபஹு தொழுத கையோடு எல்லோரும் தெருவில் கூடிவிட்டார்கள். ஒரே செம்மஞ்சள் ஜேசிச் சட்டை, ஒரே கறுப்பு ஹெல்மெட்.

"சீட்டை இறக்குடா" என்றான் முபாறக். பஸாலுடைய உயிர்க் கூட்டாளி. அவன் வாய் சும்மா இருந்து ஒருவரும் பார்த்ததில்லை. "உன்ட காக்கா பஸால்ட உயரத்துக்கு நீ ஏணி வெச்சாத்தான் ஏறுவாய்."

"இப்பிடியே இரிக்கட்டும்."

"பொத்துவிலுக்குப் போனதும் உன்னைத் தூக்கித்தான் இறக்கோணும். நான் தூக்கமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்."

ஜுனைட் சிரிக்கவில்லை. பெடலை மிதிக்கக் கால் எட்டியும் எட்டாமலும்தான் இருந்தது. ஆனால் அந்தச் சீட்டு ஆணியைத் தளர்த்த அவனுக்குக் கை வரவில்லை.

சல்மா உம்மா கேற்றடியில் வந்து நின்றாள். "கடலடிக்குப் போனதும் சைக்கிள்ட முன்சில்லத் தண்ணியில நனைக்கோணும். அவன் ஒவ்வொரு வருஷமும் செஞ்சது."

"ஓம் உம்மா."

"நனைச்சிட்டு நேர இஞ்ச கொண்டு வா. வழியில ஒருத்தருக்கும் குடுத்துப்போடாத."

ஒருத்தர் என்றால் யார் என்று அவள் சொல்லவில்லை. சைக்கிள் நகர்ந்த பிறகு, பின்னாலிருந்து அவள் குரல் வேறு மாதிரி வந்தது. "டேய், காக்காட புள்ள மெலிஞ்சிரிக்காளா எண்டு பாத்திட்டு வா."

* * *

கல்முனை அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருந்தது. சாய்ந்தமருது தாண்டி, காரைதீவுச் சந்தி தாண்டி, நிந்தவூருக்குள் நுழையும்போது வெயில் முகத்தில் பட்டது.

பஸால் ஒரு வழக்கம் வைத்திருந்தான். பெண் வீட்டுக்குக் கிட்டப் போகும்போது எல்லோரும் சேர்ந்து மணியடிக்க வேண்டும். ஒருவரும் சொல்லாமலே இன்றும் அடித்தார்கள். ஸம்றாவின் வாப்பா மீராசா, றோட்டோர வேப்பமர நிழலில் மேசை போட்டு, ரொட்டியும் கட்டைச் சம்பலும் பார்சல் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஜன்னலில் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ அசைந்தது. ஸம்றா மவுத்தான புருஷனுக்காக இத்தாவில் இருக்கிறாள். இன்னும் பாதி நாள் கிடக்கிறது. அது முடியும்வரை வாசல் தாண்ட மாட்டாள், அந்நிய ஆண்களுக்கு முகம் காட்ட மாட்டாள். புருஷனின் தம்பியும் அந்தக் கணக்கில்தான்.

மணிச்சத்தத்தோடு கேற்றுக்குள்ளிருந்து ஒரு சின்ன உருவம் பறந்து வந்தது.

"வாப்பா!"

பஸாலின் நாலு வயது மகள் பஸ்னா, ஜுனைட்டின் தொடையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தாள்.

ஜுனைட் ஹெல்மெட்டைக் கழற்றினான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். "நான் சாச்சா, மகள்" என்றான்.

பிள்ளை நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. பிடித்த கையை விட்டாள். அடுத்த சைக்கிளுக்குப் போனாள். அதில் இருந்தவன் திருக்கோவில் சுஜிந்தன்.

"தொப்பியக் கழட்டுங்க."

அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கழற்றினான். அவள் பார்த்தாள். அடுத்தவரிடம் போனாள்.

"தொப்பியக் கழட்டுங்க."

பாதி வரிசை முடிவதற்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் வர வர, ஒவ்வொருவராகத் தாமே கழற்றித் தலையைக் குனிந்து முகத்தைக் காட்டினார்கள். தேநீரை ஊற்றிக்கொண்டிருந்த மீராசா, கோப்பை நிரம்பி வழிவதும் தெரியாமல் நின்றார்.

கடைசியில் நின்றவன் முபாறக்.

"எல்லாரும் வந்திட்டீங்க" என்றாள் பஸ்னா. "வாப்பா எங்க?"

முபாறக் அவள் உயரத்துக்குக் குந்தினான். பிறகு, "வாப்பா... புறகால வாறார் மகள்" என்றான்.

அவள் தலையாட்டினாள். நல்ல விளக்கம் கிடைத்த மாதிரி. மேசைக்குப் போய் ஒரு பார்சலை எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கேற்றடியில், அவர்கள் வந்த கல்முனைப் பக்கம் பார்த்து, பின்னால் வருகிறவருக்காக நின்றாள்.

மீராசா ஜுனைட்டை ஓரமாக இழுத்தார். "அண்டைக்கு மையித்து அடக்க எடுக்கிற நேரம், வாப்பா எங்க எண்டு புள்ள ஒரே கத்தல் மகன். ஸம்றா என்ன செய்யிற? சைக்கிள்ள பொத்துவில் போயிரிக்கார், எல்லாரும் வரக்குள்ள வருவார் எண்டு சொல்லிப்போட்டா. சைக்கிள்ள போனதத்தானே புள்ளயும் கண்டது. அதையே பிடிச்சிக்கொண்டு இரிக்கா."

"எங்களுக்கு ஒரு சொல் சொல்லிரிக்கலாமே மாமா."

"இண்டைக்கு எல்லாரும் வருவீங்க எண்டத நினைச்சம். புள்ள அப்பிடிக் கணக்குப் பாப்பா எண்டத நினைக்கல்ல."

"தம்பி ஜுனைட்."

ஜன்னல் பக்கமிருந்து வந்தது குரல். அவன் போய், திரையைப் பார்க்காமல், சுவரடி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மதினி."

"எல்லாம் இதால பாத்துக்கொண்டுதான் நிண்டன். ஓடி வந்து தூக்கேலாமப் போச்சு. புள்ளைக்கு நீங்க ஒண்டும் சொல்லிப்போடாதீங்க."

"எவ்வளவு நாளைக்கு மதினி?"

"இத்தா முடியட்டும். வெள்ளச்சீலையக் கழட்டிப்போட்டு, நானே கையப் பிடிச்சிக் கூட்டிப்போய், அவர அடக்கின மையவாடிய வெளிய நிண்டு காட்டிச் சொல்லுவன். என்ர வாயால சொன்னதுதானே. நான்தான் மாத்திச் சொல்லோணும். சொல்லமாட்டன் எண்டு சொல்லுங்க தம்பி."

"சொல்லமாட்டன்."

"மாமி சுகமா?"

"ஓம்."

"சீட்டு உங்களுக்கு உசரம்" என்றாள் ஸம்றா. திரை அசையாமல் நின்றது.

* * *

ஒலுவிலில் அந்த இடத்தில் எல்லோரும் இறங்கி நின்றார்கள். ஒரு பாத்திஹா ஓதினார்கள். சுஜிந்தன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றான். சிறுபோக அறுப்புக் காலம். தாரோரம் நீளத்துக்கு நெல் காயப்போட்டிருந்தது. அன்றைக்கு பஸால் விழுந்த இடத்தில் இன்றைக்கு யாரோ ஒருவருடைய நெல் காய்ந்துகொண்டிருந்தது.

அக்கரைப்பற்றுக்குப் பிறகு கச்சான் காற்று பிடித்தது. மேற்கே வயல்வெளியிலிருந்து சூடாக வந்து சைக்கிளைக் கடல் பக்கம் தள்ளியது. ஜுனைட்டின் இடுப்பு கழன்றுவிடும் போல வலித்தது. வலி நல்லதாகத்தான் இருந்தது. வலிக்காத நேரமெல்லாம் அந்த வரிசையும், ஒவ்வொரு ஹெல்மெட்டும் கழலுவதும் கண்ணுக்குள் வந்தன.

முபாறக் பக்கத்தில் வந்து ஓட்டினான். நெடுநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. முபாறக் கதைக்காமல் வருவது, சங்கிலி கழன்ற சைக்கிளில் வருவது போல இருந்தது.

"வாயில வந்திட்டுடா" என்றான் கடைசியில். "அந்த முகத்தப் பாத்திட்டு வேற என்னத்தச் சொல்லுற?"

"நானும் சொல்லமாட்டன் எண்டு மதினிக்கு வாக்குக் குடுத்திட்டுத்தானே வாறன். ரெண்டும் ஒண்டுதான்."

திருக்கோவிலில் சுஜிந்தன் வீட்டில் பகல் சாப்பாடு. அவன் அம்மா பூமணி சூடை மீன் பொரித்து, முருங்கைக்காய் சமைத்து, முற்றத்தில் பாய் விரித்திருந்தாள். "ஹலால் பாத்துத்தான் வாங்கின எண்டு சொல்ல மீனுக்கு என்னத்தத் தம்பி பாக்கிற, கடல்ல இருந்து வந்தது" என்று அவள் சிரித்துக்கொண்டு சோறு போட, எல்லோரும் காலையிலிருந்து முதல்தரமாகச் சிரித்தார்கள்.

அந்த நேரம்தான் ஜுனைட்டின் போன் அடித்தது. மீராசா.

"மகன், பயப்பிட ஒண்டுமில்ல. புள்ள கிடைச்சிட்டா."

"கிடைச்சிட்டாவா? எங்க போன?"

"நான் மத்தியானம் லுகர் தொழ உள்ளுக்குப் போன நேரம், கேற்றத் திறந்துகொண்டு றோட்டால நடந்திரிக்கா. காரைதீவுப் பக்கம். கையில பார்சலோட. வாப்பா புறகால வாறார், வழி தெரியாம நிக்கார் எண்டு சொன்னாவாம். பஸ் ஒண்டு பிறேக் அடிச்சு நிண்டிரிக்கி மகன். ஓட்டோக்காரப் பொடியன் ஒருத்தன் தூக்கிக்கொண்டு வந்து தந்தான். ஸம்றா ஜன்னலடியில கிடந்து கத்துறா. வெளியயும் வரேலா, உள்ளயும் இரிக்கேலா. அல்லாஹ்தான் காப்பாத்தின."

ஜுனைட் போனை வைத்துவிட்டுச் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோருக்கும் கேட்டிருந்தது.

சுஜிந்தன்தான் கதைத்தான். "மச்சான், அந்த றோட்டால ஒரு நாளைக்கு எத்தினை சைக்கிள் போகுது? அவ்வளவத்தையும் அவ பாத்துக்கொண்டுதான் இருப்பா. இத்தா முடியும் மட்டும் ஒவ்வொரு பஸ்ஸும் இப்பிடிப் பிறேக் அடிச்சு நிக்காது."

ஜுனைட் எழுந்து கை கழுவினான்.

"நான் போறன்" என்று முபாறக்கும் எழுந்தான். "நான்தானே சொன்ன. நானே போய் இல்லயெண்டு சொல்லுறன்."

"நீங்க சொன்னா நம்பமாட்டா."

"ஏன்டா?"

"நீங்க நல்ல செய்தி சொன்ன ஆள்."

முபாறக் திரும்பவும் பாயில் உட்கார்ந்தான்.

"அப்ப கடல்?" என்றான் சுஜிந்தன். "உன்ட உம்மாக்கு என்ன சொல்லப்போறாய்? இஞ்சயும் கடல்தானே மச்சான். அந்தா, வேலிக்கு அங்கால. நனைச்சிட்டுப் போ."

பனைகளுக்கு அப்பால் கடல் இரைவது கேட்டது. ஜுனைட் ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் பார்த்தான்.

"காக்கா பொத்துவில்லதான் நனைச்சவர்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினான்.

கேற்றைத் தாண்டுவதற்குள் முபாறக் ஓடி வந்து நிறுத்தினான். கையில் ஆணி திருகும் சாவி. குனிந்து ஆணியைத் தளர்த்தி, சீட்டை இரண்டு விரல் அளவு இறக்கி, இறுக்கினான். "போ" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டது புறங்கையால், உள்ளங்கையெல்லாம் எண்ணெய்.

* * *

அவன் நிந்தவூருக்கு வந்தபோது பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டினான். மணியடிக்கவில்லை. உருட்டிக்கொண்டு நடந்தான்.

பஸ்னா கேற்றடியில் நின்றாள். முதுகுதான் தெரிந்தது. முகம் கல்முனைப் பக்கம். வாப்பா புறகால வருகிறார் என்றால் அந்தப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும்; இந்தப் பக்கமிருந்து ஒருவர் திரும்பி வருவார் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. மீராசா பக்கத்தில் கதிரை போட்டு, அவள் சட்டையின் பின்பட்டியைத் தன் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு இருந்தார். பார்சல் இன்னும் அவள் கையில்.

ஜுனைட் முதலில் அவளிடம் போகவில்லை. சுவரோரமாக ஜன்னலடிக்குப் போனான்.

"மதினி."

"வந்திட்டீங்களா தம்பி. பொத்துவில் போகல்லயா?"

"இல்ல. காலைல சொன்ன சொல்லக் காப்பாத்த ஏலாது மதினி. அதச் சொல்லத்தான் வந்த."

றோட்டில் ஒரு பஸ் இரைந்து போய் மறைந்தது.

"சொல்லுங்க" என்றாள் ஸம்றா. "ஆனா இஞ்ச வெச்சிச் சொல்லுங்க. எனக்கும் கேக்கோணும். இந்த வீட்டுல எல்லாரும் போயிட்டார், போயிட்டார் எண்டுதான் சொல்லுறாங்க. ஒருத்தரும் அந்தச் சொல்லச் சொல்லல்ல."

அவன் போய்ப் பிள்ளையைத் தூக்கிவந்தான். அவள் தலையைத் திருப்பித் திருப்பி றோட்டையே பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே, சுவரில் சாய்த்த சைக்கிளுக்குப் பக்கத்தில், மண்ணில் உட்கார்ந்தான். அவளை மடியில் இருத்தினான்.

"இது ஆர்ட சைக்கிள் மகள்?"

"வாப்பாட."

"ஓம். சைக்கிள் வந்திட்டு. வாப்பா வரமாட்டார்."

அவள் திரும்பி றோட்டைப் பார்த்தாள்.

"வாப்பாக்கு வழியில நெஞ்சு நோவெடுத்திட்டு. விழுந்திட்டார். அவர் மவுத்தாகிட்டார் மகள். மவுத்தானவங்க திரும்ப வாறல்ல. பொத்துவில்ல அவர் இல்ல."

"புறகாலயும் இல்லயா?"

"இல்ல. புறகால ஒருத்தரும் இல்ல."

ஜன்னலுக்குள் ஏதோ சுவரில் மோதுவது போல ஒரு சின்னச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

பஸ்னா கையிலிருந்த பார்சலைப் பார்த்தாள். காலையிலிருந்து பிடித்துப் பிடித்துக் கடதாசி எண்ணெயில் ஊறிக் கிழிந்திருந்தது. பிரித்தாள். ரொட்டி காய்ந்து விறைத்துக் கிடந்தது. இரண்டு கையாலும் கஷ்டப்பட்டு முறித்து, பெரிய துண்டை ஜுனைட்டிடம் நீட்டினாள்.

"தின்னுங்க."

அவன் வாயில் வைத்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கினான். அவளும் ஒரு மூலையைக் கடித்தாள். மற்றக் கையால் சைக்கிளின் பெடலைப் பிடித்து, முன்னுக்கும் பின்னுக்குமாக ஆட்டினாள். அன்று முழுதும் நின்ற கால்கள் அவன் மடியில் சோர்ந்து தொங்கின.

"சாச்சா."

"என்ன மகள்?"

அவள் எழும்பி, அவன் காதோடு வாயை வைத்தாள். சின்னப் பிள்ளைகளின் இரகசியம். முற்றத்தில் கதிரையில் இருந்த மீராசாவுக்கும் கேட்டது.

"உம்மாக்குச் சொல்லிப்போடாதீங்க. அவ வாப்பா வருவார் எண்டு வெள்ளச்சீல உடுத்துக்கொண்டு வெளிய போகாம இரிக்கா."

தலைக்கு மேலே ஜன்னல் கம்பிகளுக்கிடையால் ஒரு கை, வெள்ளைத் துணி மூடிய கை, மெல்ல வெளியே வந்தது. தடவித் தேடியது. பிள்ளையின் தலைமயிரைத் தொட்டதும் அங்கேயே நின்றுவிட்டது.

"உம்மா" என்றாள் பஸ்னா, நிமிர்ந்து பார்க்காமல். "நான் சாச்சாவோட சும்மா கதைச்சிக்கொண்டிரிக்கன்."

அப்போது ஜுனைட்டின் போன் அதிரத் தொடங்கியது. எடுத்துப் பார்த்தான். சல்மா உம்மா. இந்நேரம் கடலடியில் நிற்பான் என்று கணக்குப் பார்த்து எடுத்திருப்பாள். சில்லு நனைந்ததா என்று கேட்பாள், எப்போது கொண்டுவருகிறாய் என்று கேட்பாள்.

பஸ்னா பெடலை விட்டுவிட்டு, முன்சில்லின் கம்பிகளுக்குள் கையை நுழைத்து, சைக்கிளை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.